உதகை மறைமாவட்டத்துக்கு எழுபது வயது: நம் ஆயர்களும் நம் பதிவேடுகளும்



பதிவு கொஞ்சம் நீளம். டீச்சர் எப்போது சுருக்கமாகப் பேசினார்கள் என்று நீங்கள் சிரிப்பது காதில் விழுகிறது. ஒரே மூச்சில் முடியாதவர்கள் இரண்டு தவணையாகப் படியுங்கள்.

2025 ஜூலை 3-ஆம் தேதியோடு நம் உதகை மறைமாவட்டம் தொடங்கி 70 ஆண்டுகள் நிறைகின்றன. புனித தோமையார் திருநாளும் அதே நாள்தான். என்னிடம் படித்த ஒரு பெண், இப்போது திருப்பூரில் வேலை பார்க்கிறாள், போனில் கேட்டாள்: "டீச்சர், ஊட்டி இவ்வளவு சின்ன ஊர். கோயம்புத்தூர் பக்கத்துலயே இருக்கு. இதுக்கு எதுக்குத் தனியா ஒரு பிஷப்?" நல்ல கேள்வி. பதில் சொல்ல 1955-லிருந்து தொடங்கினால் போதாது. இன்னும் 350 ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

1600-களின் தொடக்கத்தில் கேரளக் கரையில் ஒரு பேச்சு உலவியது. மலைக்கு அப்பால் ‘தோடமலை’ என்று ஓர் இடம் இருக்கிறது, அங்கே தோமையார் காலத்துக் கிறிஸ்தவர்கள் வெளித்தொடர்பு இல்லாமல் வாழ்கிறார்கள் என்பது அந்தப் பேச்சு. அங்கமாலி ஆயராக இருந்த பிரான்சிஸ்கோ ரோஸ் முதலில் ஒரு குருவையும் ஒரு தியாக்கோனையும் அனுப்பிப் பார்த்தார். அவர்கள் கொண்டுவந்த செய்தி போதவில்லை. ஆகவே 1603-ல் கோழிக்கோட்டில் இருந்த இத்தாலிய இயேசு சபைக் குரு யாக்கோமே பெனிசியோ மலை ஏறினார். நீலகிரிக்கு வந்ததாக எழுத்தில் பதிவான முதல் ஐரோப்பியர் அவர்தான். படகர்களைச் சந்தித்தார், தோடர்களைச் சந்தித்தார், தோடர்களின் எருமைகளையும் அவர்களுடைய பூசாரியையும் பற்றி விவரமாக எழுதினார். தேடி வந்த கிறிஸ்தவர்கள் இங்கே இல்லை என்றும் எழுதிவிட்டு இறங்கிப் போனார். 300 ஆண்டுகள் கழித்து, 1906-ல், ரிவர்ஸ் என்ற ஆங்கிலேய அறிஞர் தோடர்களைப் பற்றி எழுதிய புத்தகத்தில் அந்த அறிக்கை சேர்க்கப்பட்டது. ஆக, இந்த மலையைப் பற்றிய முதல் ஐரோப்பியக் குறிப்பே, இங்கே கிறிஸ்தவர்கள் யாரும் இல்லை என்ற செய்தியோடுதான் முடிகிறது!

அப்படியானால் நாம் எங்கிருந்து வந்தோம்? வேலைக்கு வந்தோம். மறைக்க வேண்டிய விஷயம் இல்லை இது.

1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு நீலகிரி கம்பெனி கைக்குப் போனது. 1819-ல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் கோத்தகிரிப் பக்கம் ஏறி வந்தார். சில ஆண்டுகளில் ஊட்டியில் கல் வீடு எழுந்தது. துரைமார்கள் குளிருக்காக வந்தார்கள். அவர்களோடு சமையல்காரர், குதிரைக்காரர், ஆயா, கொத்தனார், கல் உடைப்பவர், சுமைதூக்கி என்று கீழ்நாட்டு மக்கள் ஏறினார்கள். அவர்களில் ஏற்கெனவே கத்தோலிக்கராக இருந்த குடும்பங்களும் உண்டு. 1850-களில் வெலிங்டனில் படைவீரர் குடியிருப்பு கட்டியபோது அயர்லாந்துக் கத்தோலிக்கச் சிப்பாய்களும் வந்து சேர்ந்தார்கள். பிறகு காப்பி, சிங்கோனா, தேயிலை. தோட்டம் பெருகப் பெருக, கோயம்புத்தூர், சேலம், மைசூர் பக்கத்துக் குடும்பங்கள் கங்காணி, மேஸ்திரி பின்னால் நடந்தே மலை ஏறின. குன்னூருக்கு ரயில் வந்தது 1899-ல், ஊட்டிக்கு 1908-ல்தான். என் தாத்தாவின் அப்பா மேட்டுப்பாளையத்திலிருந்து கால்நடையாக ஏறியவர் என்று வீட்டில் சொல்வார்கள்.

அந்தக் காலத்தில் நம் மலை கோயம்புத்தூர் மறைப்பணித்தளத்தின் கீழ் இருந்தது. அதுவும் புதுச்சேரியிலிருந்து பிரிந்ததுதான். பாரீஸ் வேதபோதக சபைக் குருக்களின் பொறுப்பில் 1845-ல் தனியாக்கப்பட்டது. 1850-ல் அப்போஸ்தலிக்க விகாரியத்து ஆனது, 1886-ல் மறைமாவட்டம் ஆனது.

இங்கே ஓர் ஆயரைப் பற்றி நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். பெயர் மெல்கியோர் தெ மரியோன் பிரெசியாக். 1846 அக்டோபர் 4-ஆம் தேதி கருமத்தம்பட்டியில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். கோயம்புத்தூர் பக்கம் போகும்போது கருமத்தம்பட்டி பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பீர்கள், அதே ஊர்தான். இந்த மண்ணின் பிள்ளைகளே குருக்களாக வேண்டும், ஆயர்களாகவும் ஆக வேண்டும் என்பது அவர் எண்ணம். ஆனால் சபைக்குள் சாதி வழக்கங்களை எந்த அளவுக்கு அனுமதிப்பது என்ற கேள்வி அவர் மனசாட்சியைக் குத்திக்கொண்டே இருந்தது. சக குருக்களிடையே கருத்து ஒன்றுபடவில்லை. மனம் ஒப்பாமல் பதவியில் உட்கார்ந்திருக்க முடியாது என்று விலகல் கடிதம் கொடுத்தார். 1855-ல் அது ஏற்கப்பட்டது. ஓய்ந்துவிடவில்லை. 1856-ல் லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைப்பணிச் சபையைத் தொடங்கினார். 1859-ல் மேற்கு ஆப்பிரிக்காவில், சியரா லியோனின் பிரீடவுன் நகரில் இறங்கிய சில வாரங்களிலேயே மஞ்சள் காய்ச்சலில் இறந்துபோனார்.

அவர் விலகி 170 ஆண்டுகள் ஆகின்றன. அவர் கேட்ட கேள்வி தீர்ந்துவிட்டதா என்று நம்மில் ஒவ்வொருவரும், முக்கியமாகப் பிள்ளைகளுக்கு வரன் பார்க்கும் வயதில் இருப்பவர்கள், நெஞ்சில் கைவைத்துச் சொல்லட்டும்.

அடுத்து ஒரு பெண்மணி. பிரான்ஸ் நாட்டில் நான்ட் நகரில் 1839-ல் பிறந்தவர். 1865-ல் மதுரை மறைப்பணித்தளத்துக்கு வந்தார். துறவறப் பெயர் பாடுகளின் மரியா. அவர் இருந்த சபைக்குள் பெரிய பிளவு வந்தது. 1876-ல் அவரோடு சேர்த்து 20 சகோதரிகள் அந்தச் சபையிலிருந்து பிரிந்தார்கள். பிரிந்தவர்கள் எங்கே கூடினார்கள் தெரியுமா? நம் ஊட்டியில். அவர் ரோமுக்குப் போய் நிலைமையை எடுத்துச் சொன்னார். 1877 ஜனவரி 6-ஆம் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாளன்று, திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் புதிய சபைக்கு அனுமதி தந்தார். இன்று உலகம் முழுவதும் பள்ளி, மருத்துவமனை, தொழுநோய் இல்லம் என்று பணிசெய்யும் மரியாவின் பிரான்சிஸ்கன் மறைப்பணியாளர் சபையின் தொடக்கம் இதுதான். 1900-ல் சீனாவின் தையுவான் நகரில் மறைசாட்சிகளாகக் கொல்லப்பட்டவர்களில் அந்தச் சபையின் 7 சகோதரிகள் உண்டு. பாடுகளின் மரியா அன்னைக்கு 2002-ல் அருளாளர் பட்டம் கிடைத்தது.

ஊட்டி என்றால் வர்க்கி, படகுச் சவாரி, மலர்க் கண்காட்சி என்று மட்டும் சொல்லாதீர்கள். உலகளாவிய ஒரு துறவற சபை முளைவிட்ட ஊர் இது. பள்ளியில் நான் பல வருடம் இதைச் சொல்லியிருக்கிறேன், கடைசி பெஞ்சுக்கு எட்டியிருக்காது!

1940-ல் கோயம்புத்தூர் மறைமாவட்டம் இந்தியக் குருக்களிடம் ஒப்படைக்கப்பட்டது. உபகாரசாமி ஆண்டகை அங்கே முதல் இந்திய ஆயரானார். அதே ஆண்டில் பெங்களூர் தனி மறைமாவட்டமாகப் பிரிந்தது, நீலகிரி மைசூர் மறைமாவட்டத்தோடு சேர்க்கப்பட்டது. 15 ஆண்டுகள் நமக்கு ஆயர் மைசூரில்தான் இருந்தார். ரெனே பூகா என்ற பிரெஞ்சுக்காரர் அவர். கூடலூர் வழியாக முதுமலைக் காட்டைத் தாண்டிப் போனால்தான் ஆயர் இல்லம். அந்தச் சாலையில் இன்றும் இரவில் போக முடியாது. அன்று எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இந்தத் தூரமும், இங்கே பெருகிய தோட்ட மக்களும், தமிழ், படகு, மலையாளம், கன்னடம், ஆங்கிலம் என்று ஒரே பங்குக்குள் கேட்கும் பல மொழிகளும் சேர்ந்துதான் தனி மறைமாவட்டத்துக்குத் தேவையை உண்டாக்கின. 1955 ஜூலை 3-ல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் மைசூரிலிருந்து பிரித்து உதகை மறைமாவட்டத்தை நிறுவினார். மலை மட்டுமல்ல, கீழே ஈரோடு மாவட்டத்தின் சில பகுதிகளும் நம்மோடு சேர்ந்தவை. கம்பளிக்கும் வேட்டிக்கும் சேர்த்து ஒரே ஆயர். இன்று சென்னை மயிலை உயர்மறைமாவட்டத்தின் கீழ் வருகிறோம். திருப்பூர்ப் பெண்ணே, உன் கேள்விக்குப் பதில் இதுதான்.

இனி நம் ஆயர்கள்.

முதல் ஆயர் அந்தோணி படியறை ஆண்டகை. கேரளத்தில் மணிமலையில் 1921-ல் பிறந்தவர். ஆயரானபோது வயது 34. சீரோ மலபார் குடும்பத்தில் பிறந்து, லத்தீன் முறைக் குருவாகி, தமிழ் மக்களுக்கு ஆயராக வந்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் (1962–65) கலந்துகொண்டார். லத்தீனில் கேட்ட பூசையை நம் அம்மா, அப்பா தமிழில் கேட்கத் தொடங்கியது அந்தச் சங்கத்துக்குப் பிறகுதான். "அதுவரைக்கும் சாமியார் நமக்கு முதுகைக் காட்டிக்கிட்டு ஏதோ சொல்லுவார், நாங்க ஜெபமாலை சொல்லிக்கிட்டு இருப்போம்" என்பார் என் அம்மா. எனக்கு உறுதிப்பூசுதல் கொடுத்தவர் படியறை ஆண்டகைதான். அப்போது ஆயர் கன்னத்தில் லேசாகத் தட்டுவது வழக்கம். வலுவாக அடிப்பார் என்று அண்ணன்மார் பயமுறுத்தியிருந்ததால் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். பட்டதா இல்லையா என்றே தெரியாத தட்டு அது.

1970-ல் அவர் சங்ஙனாச்சேரி பேராயராகப் போனார். 1985-ல் எர்ணாகுளம், 1988-ல் கர்தினால், 1992-ல் சீரோ மலபார் திருச்சபையின் முதல் உயர் பேராயர். 2000-ல் காலமானார். பிறந்த வழிபாட்டு முறைக்கே திரும்பிப் போய் அதன் தலைவரானார். அவர் ஆயர் பணியைக் கற்றுக்கொண்ட இடம் நம் மலை என்பதில் எனக்குப் பெருமை.

அவருக்குப் பின் மூன்றரை ஆண்டுகள் ஆயர் இல்லை. 1973 டிசம்பரில் ஜேம்ஸ் மாசிலாமணி அருள்தாஸ் ஆண்டகை நியமிக்கப்பட்டார். 1994 வரை, நால்வரில் முதல் மூவரைக் கணக்கெடுத்தால் மிக நீண்ட காலம் இருந்தவர் அவர்தான். பிறகு சென்னை மயிலை பேராயரானார். 2004-ல் மறைந்தார். மூன்றாமவர் அந்தோணி ஆனந்தராயர் ஆண்டகை. 1997-ல் வந்தார், 2004-ல் புதுச்சேரி கடலூர் பேராயரானார். 2021 மே மாதம், கொரோனா இரண்டாவது அலையில் நாம் எத்தனையோ பேரை இழந்துகொண்டிருந்த நாட்களில், அவரையும் இழந்தோம். நான்காமவர் அருளப்பன் அமல்ராஜ் ஆண்டகை, 2006-ல் நியமிக்கப்பட்டார்.

கணக்கு டீச்சர் இல்லை நான், ஆனாலும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதல் மூன்று ஆயர்களும் பேராயர்களாகப் போய்விட்டார்கள். ஒவ்வொருவர் போன பிறகும் இடம் காலியாக இருந்தது: 1970 முதல் 1973 வரை, 1994 முதல் 1997 வரை, 2004 முதல் 2006 வரை. கூட்டினால் 70 ஆண்டுகளில் ஏறக்குறைய 8 ஆண்டுகள் நமக்கு ஆயர் இல்லை. அந்த 8 ஆண்டுகளிலும் கோவில் மணி அடித்தது. பிள்ளைகள் புதுநன்மை வாங்கினார்கள். மே 3-ஆம் தேதி காந்தல் குருசடித் திருவிழாவுக்குச் சனம் போனது. அப்படியானால் மறைமாவட்டம் என்பது ஆயர் மட்டும் அல்லதானே?

இங்கேதான் எனக்குச் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம் இருக்கிறது.

நம் எஸ்டேட் கோவில்களை நடத்தியவர் உபதேசியார். சாமியார் மாதத்துக்கு ஒருமுறை வருவார், மழைக்காலத்தில் அதுவும் இல்லை. உபதேசியார்தான் ஒவ்வொரு லைனாக நடந்து பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுப்பார், சாகக் கிடப்பவர் பக்கத்தில் உட்காருவார். யார் வீட்டில் குழந்தை பிறந்தது, அப்பா பேர் என்ன, அம்மா பேர் என்ன, ஞானத்தாய் ஞானத்தகப்பன் யார் என்று ஒரு நோட்டில் குறித்துவைத்துச் சாமியாரிடம் கொடுப்பார். அது பங்குக் கோவில் ஞானஸ்நானப் பதிவேட்டில் ஏறும்.

நான் ஆசிரியர் பயிற்சி முடித்து 1980-களில் வேலைக்கு வந்தபோது, ஜூன் மாதச் சேர்க்கைக்கு எஸ்டேட் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். "பிறந்த தேதி என்ன?" என்று கேட்டால், "பெரிய மழை பேஞ்ச வருஷம் டீச்சர்" என்று பதில் வரும். பிறப்புச் சான்றிதழ் கிடையாது. பல பள்ளிகளில் தலைமையாசிரியரே ஒரு தேதி போட்டுவிடுவார். அதனால்தான் உங்கள் பெற்றோரில் பாதிப் பேருக்கு மே, ஜூன் மாதத்தில் பிறந்தநாள் வருகிறது! ஆனால் கோவிலில் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை என்றால், "போய்ச் சாமிகிட்ட சீட்டு வாங்கிட்டு வாம்மா" என்பேன். மறுநாள் சீட்டு வரும். பிறந்த தேதி சரியாக இருக்கும். அந்தத் தேதி பள்ளிப் பதிவேட்டில் ஏறி, மாற்றுச் சான்றிதழில் ஏறி, பிறகு ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, ஆதார் வரைக்கும் வந்தது. ஓர் உபதேசியார் நோட்டில் பென்சிலால் எழுதிய ஒரு வரியின் மேல்தான் உங்களில் பலருடைய அடையாளம் நிற்கிறது.

இது சிலோனிலிருந்து வந்தவர்களுக்கு இன்னும் பொருந்தும். 1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்ப்பது என்று பங்கு பிரித்தார்கள். யாரும் அந்த மக்களைக் கேட்கவில்லை. அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே 1968-ல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கின. நாம் டான்டீ என்று சொல்லும் கழகமாக அது பின்னால் மாறியது. அவர்களில் கத்தோலிக்கக் குடும்பங்களும் வந்தன. நம் மறைமாவட்டத்தின் பல பங்குகளில் இன்று பாட்டுக் குழுவில் நிற்பவர்களின் பெற்றோர் ஹட்டனிலும் பதுளையிலும் பிறந்தவர்கள்.

என் பெரியப்பா அப்படித் திரும்பியவர்தான். 1974-ல் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டுச் சேரம்பாடிக்கு வந்தார். ஒரு தகரப் பெட்டி கொண்டுவந்தார். அதில் அடியில் துணி சுற்றி வைத்திருந்தது ஐந்து பிள்ளைகளின் ஞானஸ்நானச் சீட்டுகள், ஹட்டன் பக்கத்துப் பங்குக் கோவில் முத்திரையோடு. "பாஸ்போட்டு கவர்மெண்டு குடுத்தது. இது கோயில் குடுத்தது. கவர்மெண்டு நம்மள அந்நியன்னு சொல்லிச்சு, கோயில் சொல்லல" என்பார். படிக்காத மனிதர். இதைவிடத் தெளிவாக மறைமாவட்ட வரலாற்றை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஏன் இப்போது இதை எழுதுகிறேன்? போன மாதம் ஓர் எஸ்டேட் கோவிலுக்குப் போயிருந்தேன். எனக்கு நினைவு தெரிந்து ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வாசல்வரை ஆள் நின்ற கோவில். இப்போது நான்கு பெஞ்சு நிறையவில்லை. இளைஞர்கள் திருப்பூர், கோயம்புத்தூர், பெங்களூர், வளைகுடா என்று போய்விட்டார்கள். போனதில் தவறு இல்லை, கொழுந்துக் கூடையிலிருந்து உங்களை விடுவிக்கத்தான் நாங்கள் பாடம் நடத்தினோம். ஆனால் அங்கே ஒரு பாட்டியிடம், இந்தக் கோவிலின் முதல் உபதேசியார் யார் என்று கேட்டேன். முகம் தெரிகிறது, பெயர் வரவில்லை என்றார். நான்கு ஆயர்களின் பெயரும் ஆண்டும் எங்கும் அழியாது. ரோமிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த உபதேசியாரின் பெயரை நாம் எழுதாவிட்டால் எழுத வேறு ஆள் இல்லை.

ஆகவே ஓய்வுபெற்ற டீச்சரின் கடைசி வீட்டுப்பாடம், மூன்றே கேள்வி.

ஒன்று: இந்தக் கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வரும்போது, பங்குத்தந்தையிடம் முறையாகக் கேட்டு, உங்கள் தாத்தா, பாட்டியின் ஞானஸ்நானப் பதிவைப் பார்த்துச் சான்றிதழ் வாங்கிவையுங்கள். சிலோனில் பிறந்தவர்கள் வீட்டில் பழைய சீட்டு இருந்தால் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள்.

இரண்டு: அதில் ஞானத்தாய், ஞானத்தகப்பன் என்று இருக்கும் பெயர்கள் யாருடையவை என்று பெரியவர்களிடம் கேளுங்கள். எந்த ஊரிலிருந்து யாரோடு மலை ஏறி வந்தோம் என்பது பெரும்பாலும் அந்தப் பெயர்களில்தான் ஒளிந்திருக்கிறது.

மூன்று: உங்கள் எஸ்டேட் கோவிலில் இருந்த உபதேசியாரின் பெயரையும் ஊரையும் தெரிந்தவரை எழுதி எனக்கு அனுப்புங்கள். நோட்டு வாங்கிவைத்திருக்கிறேன். பிழையோடு எழுதினாலும் பரவாயில்லை, சிவப்பு மை தீர்ந்துவிட்டது.

வேறு சமயத்துப் பிள்ளைகளும் இதைப் படிப்பீர்கள். உங்கள் லைன் மாரியம்மன் கோவிலை எழுப்பியவர்கள் யார், பூசாரி யார், பள்ளிவாசலில் பாங்கு சொன்னவர் யார் என்று நீங்களும் எழுதுங்கள். ஒரே பாதையில் ஏறி வந்தவர்கள்தானே நாம் எல்லோரும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மழை பிடித்துக்கொண்டது. ஊட்டி வருகிறவர்கள் ஸ்வெட்டர் மறக்க வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்